மொத்தப் பாட்டையும் விற்கிற மகனுக்கு

மகனே,

உன்னை இப்படிக் கூப்பிட எனக்குத் தைரியம் கிடையாது. பகலில் நீ எனக்கு நைனா, நான் உன் மகள். ஆனால் நான் பிறந்த அன்றைக்கே, செத்துப்போன உன் அம்மாதான் திரும்பி வந்திருக்கிறாள் என்று சொல்லி அவங்க பேரையே எனக்கு வைத்தாய். பெற்றவளின் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று இதுவரை ஒரு தடவைகூட நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அம்மா, தண்ணி எட்த்தா", "எங்கம்மா எங்க போனா" என்றுதான் கூப்பிடுகிறாய். நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இது உண்டு. நான் ஏதாவது தப்பு செய்தால் கையை ஓங்குவாய், அப்புறம் "பெத்தவள எப்டி அடிக்கிறது" என்று முனகிக்கொண்டே இறக்கிவிடுவாய். மகள் சொல்லி உன் காதில் ஏறாததை அம்மாவாக எழுதிப் பார்க்கலாம் என்று அந்த ஒரு நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் தூங்கின பிறகு அடுப்படியில் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நீ இருமினால் என் பேனா நின்றுவிடுகிறது.

காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே நீ கம்ப்யூட்டரைத் திறப்பாய். யாராவது பாட்டு வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பாய். அதற்கு முன் இதைப் படித்துவிடு. பெண் பிள்ளைகளின் சடங்குக்காக, அவர்கள் பேரும் ஊரும் வைத்து நீ பாடின பாட்டுகளை நம் வெப்சைட்டிலிருந்து நான் எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை. உன் ஹார்ட் டிஸ்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்குகிற இடத்தில் மட்டும் இல்லை. அவற்றைத் திரும்பப் போடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இதைக் கவரில் போட்டு ஒட்டவில்லை, ஒளிக்கவும் போவதில்லை. கீபோர்டு மேல் விரித்து வைத்துவிடுவேன். பாட்டுப் போடச் சொல்லி வருகிறவர்கள் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

நீ கெட்டவன் என்று நான் எழுதப் போவதில்லை. அப்படி எழுதினால் அது பொய். நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையை நீ பாட்டு ரூம் ஆக்கின வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பரோட்டா கடையில் கேட்டு வாங்கின முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினாய். கதவுக்கு உள்பக்கம் பழைய மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டாய். நீ பாட ஆரம்பித்தால் வீடே மூச்சை நிறுத்தும். ஃபேன் நிற்கும், மிக்ஸி நிற்கும், கோழியைத் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு நான் காவல் நிற்பேன். ஒரு கல்யாணப் பாட்டில் இரண்டாவது சரணத்தில் குக்கர் விசில் ஒன்று விழுந்துவிட்டது. உன் பெண்டாட்டி என்று எழுதக் கை வரவில்லை, என் அம்மா என்றே எழுதுகிறேன். என் அம்மாவை நீ அன்றைக்கு முழுக்கத் திட்டினாய். சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து கேட்டார். "சோறு ரெடின்னு விசில் அடிக்கிற மாரியே கீதுண்ணா, அத்த எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது என் அம்மா உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நீயே சிரித்துவிட்டாய். அந்தப் பாட்டு இன்றைக்கும் விசிலோடுதான் விற்கிறது.

உனக்கு நடந்ததும் எனக்குத் தெரியும். டவுனில் ஒரு ஆடியோ கடைக்காரர் உன்னைக் கூப்பிட்டு அம்மன் பாட்டுகள் பாட வைத்தார். சிடி வந்தது. அட்டையில் அவர் பேர், அவர் மச்சான் பேர், யாரோ ஒரு படக்காரர் பேர் எல்லாம் இருந்தது. உன் பேர் இல்லை. ஆடி மாதம் நம் ஊர்க் கூழ் வார்க்கிற திருவிழாவில் மைக் செட்டில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மைக்கைப் பிடித்தவர் வேறு யாரோ பேரைச் சொல்லி "அவர் குரலில் கேட்டு மகிழுங்கள்" என்றார். கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நீ அங்கேயே நின்றாய். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "எங் கொரலு, எம் மெட்டு. பேரு மட்டும் எவனுதோ. இனிமே நடுவுல எவனும் வேணாம். எம் பாட்ட நானே விக்கிறேன்" என்று சொன்னாய். அப்போது எனக்கு உன்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதுதான் இந்தக் கடிதத்தை இவ்வளவு கஷ்டமாக்குகிறது.

உத்திரமேரூர் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிற பாய்தான் வெப்சைட் போட வழி சொன்னார். நீயும் நானும் அவர் கடைக்குப் போனோம். கடையில் கூட்டம் இல்லாத நேரம்.

"எத்தினி பாட்டுண்ணே கீது உங்ககிட்ட?"

"எவன் எண்ணினான் பாய். பொறந்ததுக்கு கீது, செத்ததுக்கு கீது. நடுவுல நடக்கிறதுக்கெல்லாம் கீது."

"எலக்‌ஷனுக்கு?"

"ரெண்டு பக்கத்துக்கும் கீது. மெட்டு ஒண்ணுதான்."

பாய் சிரித்து டீயைக் கீழே கொட்டிக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று நீ சொன்னபோது, "அப்டீனா ஒண்ணொண்ணாவும் வெய்யிங்க, மொத்தமாவும் வெய்யிங்க. முப்பது வருசப் பாட்டு மொத்தமும்னு போடுங்க. வெளிநாட்டுல கீறவங்க மொத்தமாத்தான் வாங்குவாங்க" என்றார். அந்த 'மொத்தமும்' என்ற வார்த்தை உனக்குப் பிடித்துப்போனது. வழி முழுக்க வண்டியில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். "ஒண்ணு வுடாம, மொத்தமும்."

அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க நான்தான் பாட்டுகளை ஏற்றினேன். நீ துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பாய். நான் ஒவ்வொரு பாட்டாகப் போடுவேன். முதல் வரி வந்ததுமே அது எந்த ஊர், யார் வீடு, அன்றைக்கு மழை பெய்ததா என்று சொல்லிவிடுவாய். சடங்குப் பாட்டு வந்தால் உன் குரல் உயரும். "பொண்ணு பேரு போடு. அப்பன் பேரு போடு. ஊரு போடு. தாய்மாமன் பேரு மறக்காம போடு, அவருதான் சீர் கொண்டாந்தவரு. அவங்க சொந்தக்காரங்க தேடினா சட்டுனு வந்து நிக்கணும்." பத்திரிகையில் அடிக்கிற மாதிரியே நான் அடித்தேன். இன்னாரின் செல்வ மகள், இந்த ஊர், மஞ்சள் நீராட்டு விழாப் பாட்டு. எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பத்திரிகையில் அப்படித்தானே இருக்கிறது, பேனரில் அப்படித்தானே இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

முதல் தடவையாக மலேசியாவிலிருந்து ஒருவர் மொத்தப் பாட்டையும் வாங்கின அன்றைக்கு நீ காலை நாஷ்டாவுக்கே பரோட்டா வாங்கிவந்தாய். டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னாய். "எவன் கையும் படல. அவன் அங்க அமுக்கினான், எம் பாட்டு இங்கேர்ந்து போச்சு." அதற்கப்புறம் வாங்குகிறவர்கள் கூடினார்கள். யார் வாங்குகிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்று நாம் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் வாங்குவார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டோம். பக்கத்து ஊர்ப் பையன்களும் வாங்கலாம் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஷாலினியை உனக்குத் தெரியும். பக்கத்து ஊர் நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் உட்காருகிறவள், எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள். அவள் சடங்குக்கு அவங்க மாமா வெற்றிலை பாக்குத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்து பாட்டுப் போடச் சொன்னார். நீ அவள் பேரை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அந்தப் பேர் போகிற போக்குக்கே மெட்டுக் கட்டினாய். 'ஷாலினி பொண்ணு, மாமன் வூட்டுக் கண்ணு' என்று ஆரம்பிக்கும். நல்ல பாட்டு. சீர்த்தட்டு எடுத்துவந்த பெண்கள் எல்லோரும் தெருவில் அதைக் கூடவே பாடிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு ஷாலினியும் பச்சை ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் அவள் பஸ்ஸில் ஏறும்போது பின் சீட்டில் யாரோ போனில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். முதலில் எங்களுக்கு என்ன என்று புரியவில்லை. அப்புறம் பின் சீட்டு மொத்தமும் பாடியது. "ஷாலினி பொண்ணு, மாமன் வூட்டுக் கண்ணு." ஒருவன், "மாமா எங்கடா, மாமாவுக்கு ஒரு சீட்டு போடு" என்றான். கண்டக்டருக்கு ஒன்றும் தெரியாது. "இன்னாப்பா, புதுப் பாட்டா கீது. சவுண்டு வெய்யி" என்றார். அவர் நல்ல மனுஷன், அவர்மேல் கோபமில்லை. ஷாலினி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை மட்டும் என் மடியில் வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்க நைனா கொரலுதானே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. பஸ்ஸில் ஆரம்பித்தது வகுப்புக்கு வந்தது. வருகைப் பதிவில் அவள் பேர் வந்தால் யாராவது ஒருவர் அந்த மெட்டை மட்டும் முனகுவார்கள். மிஸ் நிமிர்ந்து பார்ப்பார், எல்லோரும் புத்தகத்தைப் பார்ப்பார்கள். யாரும் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் போய்ப் புகார் சொல்லியிருக்கலாம். "பாட்டுதானே பாடினோம்" என்பார்கள். ஷாலினி முதலில் பஸ்ஸை மாற்றினாள். அப்புறம் வயிற்றுவலி என்றாள். அப்புறம் வரவில்லை. அவங்க அப்பாவுக்கு யாரோ போனில் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டு விற்பனைக்கு இருக்கிறவரை பெண் வாசலைத் தாண்டக் கூடாது, பரீட்சை மட்டும் போய் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டார். வகுப்புக்கு வராமல் எப்படிப் பரீட்சை எழுதவிடுவார்கள்? நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவள் இப்போது வீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் தெரிந்துதான் ஷாலினியின் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாங்க. சண்டை போடவில்லை. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டு ரூம் வாசலில் நின்றாங்க. நான் காபி கொண்டுவந்து அங்கேயே நின்றேன்.

"அண்ணா, எம் பொண்ணு பாட்ட மட்டும் எடுத்துடுங்கண்ணா."

"ஏம்மா, பாட்டு நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. பசங்க கேலி பண்றானுங்க. அவங்க அப்பா பெரிய பேஜாரா பண்ணிக்கினு கீறாரு. பள்ளிக்கூடமே வேணான்றாரு."

"இன்னாம்மா நீ. உங்க அண்ணன்தானே தட்டோட வந்து பாடச் சொன்னாரு? தெருவுல நாலு பக்கமும் கொழா கட்டிப் போட்டீங்க. ஊரே கேட்டுச்சு."

"அன்னிக்கு விசேசம்ணா. அன்னிக்கு கேட்டாங்க."

"பஸ் ஸ்டாண்டுல அம்மாம் பெரிய பேனர் வெச்சீங்களே, போட்டோ போட்டு? அதுக்கு எவனும் கேலி பண்லியா?"

"அந்த பேனரு இப்ப எங்க மாட்டுக் கொட்டாய் மேல கீதுண்ணா. பொண்ணு மூஞ்சி உள்பக்கமா கீது. மாடு மட்டும்தான் பாக்குது. உங்க பாட்ட நான் எங்கண்ணா மடிச்சு வெக்கிறது?"

நீ கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் நீ கேட்டாய்: "பசங்க எந்த சரணத்த பாடறானுங்க?"

மகனே, அந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. ஷாலினியின் அம்மா உன்னைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, காபியைக் குடிக்காமல் தம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாங்க. என் அம்மா உள்ளேயிருந்து, "அந்தாளுகிட்ட பேசறதுக்கு அந்த மெத்தகிட்ட பேசலாம்" என்று சொன்னது உன் காதில் விழுந்ததா? எனக்கு விழுந்தது. வீணையில் ஒரு நரம்பு மயிரிழை இறங்கினால் கேட்கிற காது உனக்கு. பக்கத்து வீட்டு மோட்டார் எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று சொல்லுவாய். ஒரு பொம்பளை உன் எதிரில் நின்று அழாமல் அழுதது மட்டும் உனக்கு எப்படிக் கேட்கவில்லை?

அன்றைக்குச் சாயந்திரம் நானே கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். மெதுவாகத்தான் கேட்டேன்.

"நைனா, அந்தப் பாட்டுங்களுக்குப் பேர மட்டும் மாத்திடலாமா?"

"மாத்தி? உள்ள நாலு தபா வருதே அவ பேரு. மெட்டே அந்தப் பேருக்குத்தான் கட்டினேன். பேர எடுத்தா பாட்டு நொண்டும்."

"அப்ப எடுத்துடலாம்."

"எம்மா, நீ சும்மா கிட. இன்னிக்கு ஒருத்திக்காவ ஒண்ண எடுப்பேன். நாளிக்கு எவனாவது வந்து, எங்கூட்டுக் கல்யாணப் பாட்டுல பங்காளி பேரு கீது எடுன்னுவான். எலக்‌ஷன் பாட்ட எடுன்னுவான். எடுத்துக்கினே போனா எங்கிட்ட இன்னா மிச்சம் கீது? முட்ட அட்டயும் மெத்தயும்தான்."

நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரமாக அதற்கு என்ன பதில் என்று யோசித்தேன். பஸ்ஸில் யோசித்தேன், துணி துவைக்கும்போது யோசித்தேன். எனக்குத் தோன்றினதைச் சொல்கிறேன். அந்த மாமாக்கள் தட்டோடு வந்து உன்னிடம் ஒரு பேரைக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு, ஒரு தெருவுக்குப் பாடச் சொல்லிக் கொடுத்தார்கள். மெட்டு உன்னுடையது, குரல் உன்னுடையது, அதை யாரும் கேட்கவில்லை. பேர் அந்தப் பெண்ணுடையது. அதைக் கேட்காமல் எடுத்து மலேசியா வரைக்கும் விற்றோம், நீயும் நானும். அன்றைக்கு ஓலைக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் யார் கேட்டார்கள்? அந்த வயதில் கேட்டிருந்தாலும் அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்? கூழ்த் திருவிழாவில் உன் பாட்டில் உன் பேரை எடுத்துவிட்டார்கள் என்று நீ சாப்பிடாமல் படுத்தாய். ஷாலினி அவள் பேரை எடுக்கச் சொல்லிச் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் கேட்க ஆள் இல்லை. உனக்கு அப்போது இல்லாத ஆளாக இப்போது அவளுக்கு நீ இருக்கலாம், உன்னால் முடியும். முடிந்தும் நீ செய்யாததுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னால் முடியாது என்றால்கூட அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பின் சீட்டுப் பையன்களின் போனில் அது இருக்கும். கொஞ்ச நாள் பாடுவார்கள், சலித்துப்போகும். ஆனால் 'எடுத்தாச்சு' என்று சொல்ல ஷாலினியின் அம்மாவுக்கு ஒரு வார்த்தை வேண்டும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவங்க வீட்டில் வாதாட முடியும். மற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இராஜகுளம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஏனாத்தூரில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், அவள் பாட்டும் அதில் இருந்தது. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கிறவர்களின் பாட்டும் இருந்தது. யாரும் இன்னும் தேடவில்லை, அவ்வளவுதான். இப்போது பின் சீட்டில் ஒரு விளையாட்டாகவே ஒவ்வொரு பேராக அடித்துத் தேடுகிறார்கள். நேற்று பக்கத்து வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "எம் பாட்டு கீதாடி அதுல?" என்று கேட்டாள். கீது என்று எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வந்து பார்த்தேன். இருந்தது. அந்தப் பேரை அடித்ததும் நான்தான்.

அதனால் இன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். 'மொத்தமும்' என்று நீ ஆசையாகப் போட்டுக்கொண்ட வார்த்தையை நான் மாற்றவில்லை, அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மன் பாட்டு, அறுப்புப் பாட்டு, கல்யாணப் பாட்டு, சாவுப் பாட்டு, இரண்டு பக்கத்து எலக்‌ஷன் பாட்டு எல்லாம் இருக்கிறது. கல்யாணத்தில் பேர் உள்ளவர்கள் பெரியவர்கள், வேண்டாம் என்றால் அவர்களே வந்து கேட்டுக்கொள்வார்கள். கேட்க வாய் இல்லாதவர்களின் பாட்டை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். உன் குரல் எல்லாவற்றிலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஒவ்வொரு பிள்ளையையும் உன் பிள்ளை மாதிரியே பாடியிருக்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டே எடுப்பது உன் விரலைப் பிடித்துக் கிள்ளுகிற மாதிரி இருந்தது.

இனிமேல் எழுதப் போவதைத்தான் எழுதக் கூடாது என்று இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். என் சடங்குக்கும் நீ பாட்டுப் போட்டாய். மற்ற பாட்டுகளில் எல்லாம் பெண்ணின் பேர் வருகிறது. என் பாட்டில் உன்னால் பேரைச் சொல்ல முடியவில்லை, பாட்டு முழுக்க 'அம்மா' என்றே பாடியிருக்கிறாய். பாட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அது வந்தது. நீ டீக்கடைக்குப் போயிருந்தாய். மற்றவர்களுக்கு அடித்த மாதிரியே என் பேர், உன் பேர், நம் ஊர், என் மாமா பேர் எல்லாம் அடிக்க வேண்டியதுதான் முறை. அடிக்கக் கூசியது. வெறும் 'அம்மா பாட்டு' என்று அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்தது வேறொரு பிள்ளையின் சடங்குப் பாட்டு. அதற்குப் பழையபடி பேர், ஊர், தாய்மாமன் பேர் எல்லாம் ஒழுங்காக அடித்தேன். எனக்குக் கூசினது அவளுக்கும் கூசும் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் அந்த 'அம்மா பாட்டு'க்குக் கீழே, என் தாயை நினைத்து அழுதேன் என்று எழுதியிருந்தார். "பாத்தியா, எங்கியோ கீறவன் எம் பாட்டுக்கு அழுவுறான்" என்று நீ எனக்குக் காட்டினாய். ஷாலினி பஸ்ஸில் நின்றபோது என் மடியில் அவள் பையோடு நான் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன். என் பாட்டு யாருக்கும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அதை நான் எடுக்கவில்லை. சடங்குப் பாட்டுகளில் அது ஒன்றுதான் இப்போது வெப்சைட்டில் இருக்கிறது. தலைப்பை மட்டும் மாற்றிவிட்டேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த முறையிலேயே அடித்திருக்கிறேன். என் பேர், உன் செல்வ மகள், நம் ஊர், மாமா பேர், மஞ்சள் நீராட்டு விழாப் பாட்டு. தேடினால் சட்டென்று வந்து நிற்கும். காலையில் பின் சீட்டில் யாராவது என் பேரை அடிப்பார்கள், நான் யார் பெண் என்று எல்லோருக்கும் தெரியுமே. நான் வயிற்றுவலி என்று சொல்லப் போவதில்லை. வழக்கமான பஸ்ஸில்தான் போவேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, நைனா. ஆனால் என் பாட்டு அங்கே இருக்க வேண்டுமா என்று நான் முடிவு செய்ய மாட்டேன். நீ பார்த்துச் சொல். மற்ற பிள்ளைகளின் பாட்டைத் திரும்பப் போடலாம் என்று உனக்குத் தோன்றினால், முதலில் என் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேள். நல்ல பாட்டா என்று கேட்காதே. நான் பஸ்ஸில் ஏறுகிறேன், பின்னாலிருந்து அது வருகிறது என்று நினைத்துக்கொண்டு கேள். கேட்ட பிறகும் இருக்கட்டும் என்று தோன்றினால் என்னுடையதும் இருக்கட்டும், எல்லோருடையதும் இருக்கட்டும். நான் வாய் திறக்க மாட்டேன். எடுக்கத் தோன்றினால் உன் கையாலேயே எடு. எடுத்துவிட்டு ஷாலினியின் அம்மாவுக்கு நீயே போன் பண்ணு.

பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. பஸ் வரும்வரை உனக்கு நேரம் இருக்கிறது.